காப்பி இலைக்குள் ஒரு புழு: புதுச்சேரி பூங்காவை வளர்த்த பெரொத்தே

புதுச்சேரிப் பள்ளிகளிலிருந்து மாணவர்களைத் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். 1826இல் பிரெஞ்சு ஆட்சியில் உருவான இப்பூங்காவில் மரங்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, நிழலில் அமர்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். இந்தப் பூங்காவைப் பல்லாண்டு காலம் நடத்தியவரின் பெயர், காப்பிப் பயிரை அழிக்கும் ஒரு பூச்சியின் அறிவியல் பெயரோடு இன்றும் சேர்த்தே எழுதப்படுகிறது என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தி. அவர் ழார்ழ் சாமுவேல் பெரொத்தே.

அவரைத் தாவரவியலாளர் என்றே நூல்கள் குறிப்பிடுகின்றன. அது சரிதான். ஆனால் பயிரை வளர்க்க முனைந்தவர் எவரும் பூச்சியைப் பார்க்காமல் இருக்க முடியாது. வேளாண் பூச்சியியல் தனித்துறையாக வளராத அந்தக் காலத்தில், பயிரில் நோய் கண்டால் பயிரை அறிந்தவர்தான் பூச்சியையும் தேட வேண்டியிருந்தது. அப்படித் தேடிய ஒருவரின் வாழ்க்கை, ‘பயிர்களும் பூச்சிகளும்’ என்ற பாடத்தை நம் ஊரிலிருந்தே தொடங்க உதவும்.

தோட்டக்காரராகத் தொடங்கியவர்

பெரொத்தே 1793இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தார். பாரிஸ் நகரின் புகழ்பெற்ற அரசுத் தாவரத் தோட்டத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தார். செடியை மண்ணோடு பெயர்த்தெடுப்பது, பதியன் போடுவது, வாடாமல் காப்பது ஆகியவற்றில் பழகிய கை அவருடையது.

1819இல் கேப்டன் பிலிபேர் தலைமையில் பிரெஞ்சு அரசு ஒரு கடற்பயணத்தை அனுப்பியது. ஆசியக் கடற்பகுதிகளிலிருந்து பயன்தரும் செடிகளைச் சேகரித்து, ரீயூனியன் தீவிலும் தென்னமெரிக்காவின் கயேன் பகுதியிலும் நடுவது அதன் நோக்கம். செடிகளைக் கவனிக்கும் பொறுப்புடன் பெரொத்தே அதில் சென்றார். ஜாவா, பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களுக்குச் சென்ற கப்பல்கள் 1821இல் திரும்பின. உப்புக்காற்று வீசும் கப்பல் தளத்தில், குடிக்கும் நீரே அளந்து தரப்படும் பயணத்தில், நூற்றுக்கணக்கான செடிகளை மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை மாணவர்களையே யோசிக்கச் சொல்லலாம்.

மணிலாவில் அவர் கண்ட ஒரு மல்பெரி வகை, அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்தது, இலைகளும் பெரியவை. அதற்கு அவர் ‘மோரஸ் மல்டிகாலிஸ்’, அதாவது ‘பல தண்டு மல்பெரி’ என்று பெயரிட்டார். பட்டுப்புழுவுக்கு ஏற்ற தீவனம் என்று அதன் புகழ் பரவியது. 1830களில் அமெரிக்காவில் இந்தச் செடியை வாங்கி விற்பதே ஒரு சூதாட்டமாக மாறி, 1839 வாக்கில் விலை சரிந்து பலர் பணத்தை இழந்தனர். ஒரு புழு தின்னும் இலைக்காக ஒரு நாடே ஆசைப்பட்டு ஏமாந்த கதை இது.

நீலச்சாயம் இணைத்த இரண்டு ஊர்கள்

1824 முதல் 1829 வரை பெரொத்தே மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் இருந்தார். பருத்தி, அவுரி முதலிய பயிர்களை அங்கே பெரிய அளவில் வளர்க்க பிரெஞ்சு அரசு முயன்ற காலம் அது. முயற்சி நிலைக்கவில்லை. ஆனால் அங்கு சேகரித்த செடிகளைக் கொண்டு, கியேமேன், ரிஷார் ஆகிய இருவருடன் சேர்ந்து செனகல் நாட்டுத் தாவரங்களைப் பற்றிய நூலை 1830 முதல் 1833 வரை வெளியிட்டார்.

செனகலுக்கும் புதுச்சேரிக்கும் அப்போது நெருங்கிய தொடர்பு இருந்தது. புதுச்சேரி வட்டாரத்தில் நெய்து அவுரிச் சாயம் ஏற்றிய ‘கினே’ என்னும் நீலத்துணி செனகலுக்குக் கப்பலேறியது. அங்கே அதைக் கொடுத்து வேலமரப் பிசினை வாங்கினார்கள். நம் ஊர் நெசவாளர் நெய்த துணி சகாரா ஓரத்து மக்களின் உடையாக இருந்தது. எனவே அவுரியை அறிந்த பெரொத்தே 1834இல் புதுச்சேரிக்கு வந்ததில் வியப்பில்லை.

1839 வரை இங்கிருந்த அவர் நீலகிரி மலையிலும் செடிகளைச் சேகரித்தார். அங்கு அவர் எடுத்த பாசி, லைக்கன், பூஞ்சை வகைகளைப் பட்டியலிட்டு மோந்தாஞ் என்ற அறிஞர் பிரான்சில் 1842இல் வெளியிட்டார். அதே 1842இல் பெரொத்தேயின் அவுரிச் சாகுபடி, சாயத் தயாரிப்பு பற்றிய நூலும் வந்தது. அதன் பிற்பகுதியில் வெட்பாலை இலையிலிருந்து நீலச்சாயம் எடுக்கும் முறையையும் எழுதியிருக்கிறார். வெட்பாலை இலையை எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாநிறமாவதை நம் வீடுகளில் பார்த்திருப்போம். அந்த நிறம்தான் அவர் கண்ணில் பட்டது.

காப்பித் தோட்டத்தில் கண்டது

1842இல் வெளிவந்த இன்னொரு சிறுநூல்தான் நம் கட்டுரையின் மையம். கரீபியன் கடலில் உள்ள அந்தில் தீவுகளில் காப்பிச் செடிகளைப் பாழாக்கும் ஒரு பூச்சியையும் ஒரு பூஞ்சையையும் பற்றிய ஆய்வு அது. எழுதியவர்கள் இருவர்: பூச்சியியலாளர் கெரேன்-மெனவீல், பெரொத்தே.

அந்தத் தீவுகளில் மார்த்தினிக்கும் குவாதலூப்பும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. மார்த்தினிக்கில் காப்பி 1720களில் ஊன்றப்பட்டது. நூறாண்டுகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின; பிறகு தளர்ந்தன. இலைகளில் பழுப்புத் திட்டுகள் தோன்றும், இலைகள் உதிரும், செடி மெலியும். மண் சத்திழந்தது, காலநிலை மாறியது என்று பல காரணங்கள் சொல்ல இடமிருந்தது. இந்தத் திட்டுகளுக்குள் ஒரு புழு இருப்பதையும், அது எப்படி வளர்கிறது என்பதையும் இந்த ஆய்வு அறிவியல் உலகுக்கு எடுத்துச் சொன்னது.

புழு வாழும் விதம்

இன்று ‘காப்பி இலைத்துளைப்பான்’ என்று அழைக்கப்படும் இந்தப் பூச்சி ஒரு சிறு அந்துப்பூச்சி. வெள்ளி போல மின்னும் வெண்ணிறம். சிறகை விரித்தாலும் அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். பெண் பூச்சி இலையின் மேற்புறத்தில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு வெளியே தலைகாட்டாமல் நேராக இலைக்குள் இறங்கிவிடும்.

ஓர் இலையை இரண்டு மெல்லிய தாள்களுக்கு இடையில் வைத்த பச்சைக் கூழாக எண்ணிக்கொள்ளலாம். மேல்தோல், கீழ்த்தோல் இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள பச்சையத் திசுவை இந்தப் புழு அரித்துத் தின்கிறது. ஒளிச்சேர்க்கை நடக்கும் இடம் அதுதான். தின்ற இடம் வெற்றுப் பையாகிப் பழுப்பாகக் காய்கிறது. அந்த இலையை மடித்தால் மேல்தோல் தனியே பிரியும்; உள்ளே புழுவையே காணலாம்.

வளர்ந்த புழு மேல்தோலை அறுத்துக்கொண்டு வெளிவந்து, தான் நூற்ற இழையில் தொங்கி இறங்கும். பெரும்பாலும் கீழேயுள்ள இலைகளின் அடிப்புறத்தில், பெருக்கல் குறி போன்ற வடிவில் வெண்பட்டு இழைகளைக் கட்டி, அதனடியில் கூட்டுப்புழுவாகும். வெப்பம் கூடினால் இந்தச் சுழற்சி விரைவாக முடியும். அதனால் வறண்ட காலங்களில் சேதம் அதிகம்.

பூச்சி இலைக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதைச் சென்று சேர்வது கடினம். அதே மருந்து, புழுவைத் தேடி வரும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் பிற குளவிகளையும் கொன்றுவிடும். பின்னாளில் பிரேசிலில் இந்தப் பூச்சி பெருந்தொல்லையாக மாறியபோது உழவர்களும் ஆய்வாளர்களும் இந்தச் சிக்கலைத்தான் எதிர்கொண்டார்கள். மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற பூச்சிகளும் அங்கே தோன்றின. ‘புழு எங்கே இருக்கிறது, எப்போது வெளியே வருகிறது’ என்ற கேள்விக்கு விடை தெரியாமல் கட்டுப்படுத்தும் வழி எதையும் தீர்மானிக்க முடியாது.

அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர்கள்

இந்தப் பூச்சியின் முழு அறிவியல் பெயரைப் புத்தகங்களில் இப்படி எழுதுவார்கள்: லூக்காப்டெரா காஃபியெல்லா (கெரேன்-மெனவீல், பெரொத்தே, 1842).

மேல்நிலை விலங்கியல் ஆசிரியர்களுக்கு இந்த அடைப்புக்குறி ஒரு நல்ல பாடம். ஒரு விலங்கினத்தை முதலில் விவரித்தவரின் பெயரையும் ஆண்டையும் அறிவியல் பெயருக்குப் பின் எழுதுவது மரபு. முதலில் வைத்த பேரினத்திலிருந்து அந்த இனம் பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டால், விவரித்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும். 1842இல் இந்தப் பூச்சி ‘எலாகிஸ்டா’ என்ற பேரினத்தில் வைக்கப்பட்டது. பின்னர் உறவுமுறை தெளிவானதும் இடம் மாறியது. ஆகவே அந்த இரண்டு சிறு வளைவுகளும் ‘இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு’ என்று சொல்கின்றன. நெல், மா, புலியின் பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, பெயரிடுதல் இன்னும் திருத்தப்பட்டுவரும் ஒரு பணி என்று புரிய வைக்க இது போதும்.

இருவர் பெயர் சேர்ந்து நிற்பதிலும் பொருள் இருக்கிறது. கெரேன்-மெனவீல் பாரிஸில் விலங்கியல் இதழ்களை நடத்தியவர். பூச்சிகளை வகைப்படுத்துவதில் தேர்ந்தவர். பெரொத்தே தோட்டத்தில் நின்று பயிரைப் பார்த்தவர். ஒருவரிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவு. மற்றவரிடம் நேரில் கண்ட விவரம். வேளாண் பூச்சியியல் இன்றும் இப்படித்தான் நடக்கிறது. வயலில் காண்பவரும் ஆய்வகத்தில் அடையாளம் காண்பவரும் சேராவிட்டால் வேலை நடப்பதில்லை.

பெயர் எழுதப்படாதவர்கள்

காப்பி இலை பழுப்பதை யார் முதலில் பார்த்திருப்பார்கள்? நாள் முழுதும் செடிகளுக்கிடையே நின்று களை பறித்தவர்களும் காய் பறித்தவர்களும்தான் பார்த்திருக்க வேண்டும். 1842இல் அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளி அடிமைகள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1848இல்தான் ஒழிந்தது. அதன்பின் கூலியாட்களைத் தேடிய தோட்ட முதலாளிகளின் பார்வை நம் பக்கம் திரும்பியது. 1853இல் இங்கிருந்து புறப்பட்ட ‘ஒரேலி’ என்ற கப்பல், தமிழர் உள்ளிட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களை மார்த்தினிக்கில் இறக்கியது. காரைக்காலிலிருந்தும் பலர் சென்றார்கள். அவர்கள் வழிவந்தோர் இன்றும் அத்தீவுகளில் வாழ்கிறார்கள்.

செடிகளும் நூல்களும் சென்ற அதே கடல்வழியில் மனிதர்களும் அனுப்பப்பட்டார்கள். பெரொத்தே அரசின் செலவில், அரசின் தேவைக்காக வேலை செய்தவர். குடியேற்ற நாடுகளில் எந்தப் பயிர் லாபம் தரும் என்று கண்டறிவதே அவருக்குத் தரப்பட்ட பணி. அறிவியல் பாடத்தோடு சமூக அறிவியல் பாடத்தையும் இணைக்க விரும்பும் ஆசிரியர் இந்த இடத்தில் சற்று நின்று, ‘இந்த அறிவால் பயன் பெற்றவர் யார், உழைத்தவர் யார்?’ என்று கேட்கலாம். அவர் உழைப்பையும் மதித்து, இந்தக் கேள்வியையும் கேட்பதற்கு நம் மாணவர்கள் தகுதியானவர்களே.

செடி இடம் மாறும்போது

பெரொத்தேயின் வாழ்க்கை முழுதும் செடிகளை இடம் மாற்றும் வேலை. அதில் பூச்சிகள் தொடர்பான இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன.

ஒன்று, செடியோடு அதன் நண்பர்கள் வருவதில்லை. பிலிபேர் பயணத்தின் காலத்தில்தான் வனிலாக் கொடிகள் ரீயூனியனுக்கு வந்தன. கொடி தழைத்தது, பூத்தது, காய்க்கவில்லை. தாயகத்தில் அதற்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் ரீயூனியனில் இல்லை. 1841இல், அதாவது காப்பிப் பூச்சி நூல் வருவதற்கு முந்தைய ஆண்டில், எத்மோன் அல்பியூஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியால் பூவின் தடுப்பு மடலை விலக்கிக் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டான். உலகின் வனிலாச் சாகுபடி இன்றும் அந்த முறையில்தான் நடக்கிறது. பள்ளியறியாத ஒரு சிறுவன் பூவின் அமைப்பை உற்றுப் பார்த்ததன் விளைவு இது. மகரந்தச் சேர்க்கைப் பாடத்தில் அவன் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மற்றொன்று, பூச்சி இடம் மாறினால் அதன் பகைவர்கள் கூடவே வருவதில்லை. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. அதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பல செடிகளில் வெள்ளை மாவாகப் படர்ந்தது. எவ்வளவு மருந்தடித்தும் அடங்கவில்லை. அதன் தாயகத்து ஒட்டுண்ணிக் குளவிகள் 2010இல் இறக்குமதி செய்யப்பட்டு, சோதித்து, பெருக்கி, தமிழகத் தோட்டங்களில் விடப்பட்டன. சில மாதங்களில் பூச்சியின் பெருக்கம் தணிந்தது. மருந்து சாதிக்காததைக் கடுகினும் சிறிய குளவி சாதித்தது. நீலகிரியின் கூடலூரில் 1990இல் கண்டறியப்பட்ட காப்பிக் காய்த்துளைப்பானும் இப்படி ஆப்பிரிக்காவிலிருந்து வந்துசேர்ந்ததே.

வகுப்பறைக்கு

காப்பிச் செடி புதுச்சேரியில் இல்லையே என்று தயங்க வேண்டாம். இலைக்குள் வாழும் புழுக்கள் நம் பள்ளி வளாகத்திலேயே உண்டு.

எலுமிச்சையின் இளந்தளிரைத் திருப்பிப் பாருங்கள். நத்தை ஊர்ந்தது போல வெள்ளிக் கோடு வளைந்து ஓடும்; நடுவில் கரிய இழையாகத் தெரிவது புழுவின் எச்சம். தக்காளி, பரங்கி, ஆமணக்கு இலைகளில் தெரியும் வெண்மையான பாம்புக் கோடுகள் ஒரு சிறு ஈயின் புழு இட்டவை. பாகூர்ப் பக்கமோ விழுப்புரம், கடலூர்ப் பக்கமோ ஊர் உள்ள மாணவர்கள் மணிலாக் கொட்டையில் சுருள்பூச்சியைப் பார்த்திருப்பார்கள். முதலில் இலையைத் துளைத்து, பிறகு சிற்றிலைகளைப் பிணைத்து உள்ளே வாழும். முற்றினால் வயலே தீய்ந்தது போலத் தோன்றும்.

தொடக்க வகுப்புகளில் இப்படிச் செய்யலாம். கோடு விழுந்த இலையை ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று கொடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கட்டும். கோடு எங்கே மெல்லியதாகத் தொடங்குகிறது, எங்கே அகலமாக முடிகிறது என்று வரையட்டும். ‘கோடு ஏன் போகப்போக அகலமாகிறது?’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ‘புழு வளர்ந்துடுச்சு டீச்சர்’ என்ற விடை குழந்தைகளிடமிருந்தே வரும். ஒரு புழுவின் வளர்ச்சி வரலாறு ஓர் இலையில் எழுதப்பட்டிருப்பதை அவர்களே படித்துவிட்டார்கள்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அளவீட்டைச் சேர்க்கலாம். ஒரு செடியின் 50 இலைகளில் எத்தனையில் கோடு இருக்கிறது? நிழலில் உள்ள செடிக்கும் வெயிலில் உள்ள செடிக்கும் வேறுபாடு உண்டா? வாரம் ஒருமுறை எண்ணி வரைபடமாக்கினால் கணக்குப் பாடமும் உள்ளே வந்துவிடும். கோடு உள்ள சில இலைகளைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். ஈயோ அந்துப்பூச்சியோ வெளிவரும். சில புட்டிகளில் எதிர்பாராமல் மிகச்சிறு குளவி வரும். ‘புழுவை வைத்தோம், குளவி எப்படி வந்தது?’ என்று மாணவர் கேட்கும் கணத்தில் உயிரியல் கட்டுப்பாடு பாடம் தானாகத் தொடங்குகிறது. பார்த்ததைத் தேதியிட்டு எழுதும் பழக்கத்தை மட்டும் விடாமல் வலியுறுத்துங்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் நமக்கே ஆசிரியர்களாக இருப்பார்கள். அவர்கள் வீட்டில் வழங்கும் பூச்சிப் பெயர்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பெரொத்தே 1843இல் மீண்டும் புதுச்சேரிக்கு வந்தார். பூங்காவின் பொறுப்பேற்று, பல நாட்டுச் செடிகளை வளர்த்து, இங்கு வளர்ந்த தாவரங்களின் பட்டியலை 1867இல் வெளியிட்டார். 1870இல் இந்த ஊரிலேயே காலமானார். அடுத்த முறை பூங்காவுக்குச் செல்லும்போது மாணவர்களிடம் குறிப்பேட்டோடு ஓர் உருப்பெருக்கியும் இருக்கட்டும். மரத்தின் பெயரை எழுதிய பின், அதன் இலை ஒன்றைத் திருப்பியும் பார்க்கட்டும்.